பெயரா, பட்டமா? பெண்மகவுக்கு வரலாற்றுப் பெயர் தேடுவோர்க்கு

திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்திலுள்ள போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பமொன்றைச் சேர்ந்த முதுகலை மாணவி ஒருவர், அண்மையில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய அக்காளுக்குப் பெண்மகவு பிறந்திருக்கிறது. வரலாற்றில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரைச் சூட்ட வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். குந்தவை, வானதி, செம்பியன் மாதேவி ஆகிய மூன்றில் எது தக்கது என்று கேட்டிருந்தார். பலருக்கும் எழும் கேள்வி இது. ஆதலின் விடையைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். பெற்றோர் இட்டழைத்தது இயற்பெயர். பதவியும் குலமும் தந்தது பட்டப்பெயர். தந்தை, கணவன், மகன் வழியாகச் சுட்டுவது உறவுப்பெயர். அரசகுலப் பெண்களைப் பொறுத்தவரை, நாம் 'பெயர்' என்று எண்ணி எடுப்பவற்றுள் பெரும்பாலானவை பின்னிரண்டு வகையைச் சேர்ந்தவை.

செம்பியன் மாதேவியை எடுத்துக்கொள்வோம். கண்டராதித்த சோழரின் தேவி. உத்தம சோழரின் தாய். செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக்கியவர். தமிழகக் கோயிற்கலை வரலாற்றில் அவருக்கு இணையாகச் சுட்டத்தக்க பெண்கள் மிகச் சிலரே. ஆயினும் 'செம்பியன்' என்பது சோழனைக் குறிக்கும் சொல். 'மாதேவி' என்றால் பெருந்தேவி. சோழனின் பெருந்தேவி என்பதற்கு மேல் இத்தொடர் எதையும் சொல்வதில்லை. மழவரையர் வீட்டில் அச்சிறுமியை எப்பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பது இப்பட்டத்தில் இல்லை.

'வானவன் மாதேவி' இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். முதலாம் இராசராசனின் தாய், அதாவது சுந்தர சோழரின் தேவி, வானவன் மாதேவி. இராசராசனின் மனைவியும் முதலாம் இராசேந்திரனின் தாயுமானவரும் வானவன் மாதேவியே. மாமியாரும் மருமகளும் ஒரே பெயரைத் தாங்குகின்றனர் எனில், அது ஆளுக்குரிய பெயரன்று, அரண்மனையில் ஓர் இடத்துக்குரிய பெயர் என்று கொள்வதே பொருத்தம். 'வானதி' என்னும் வடிவம் நம் வீடுகளுக்குள் வந்தது 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழியாக. இனிய பெயர்தான், ஆனால் அதனைச் சூட்டுவோர் கல்வெட்டிலிருந்து அன்று, புதினத்திலிருந்தே எடுக்கின்றனர் என்பதை அறிந்து சூட்டுதல் நன்று.

மூன்றனுள் குந்தவை ஒன்றே இயற்பெயராக நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவரை அறிமுகம் செய்யும் முறை கவனிக்கத்தக்கது. முதலில் இராசராசனின் தமக்கை, அடுத்து வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி, பின்னர்த் தந்தையின் பெயர், இறுதியில்தான் குந்தவை. தம்பி, கணவன், தந்தை ஆகிய மூவரையும் கடந்த பின்னரே அவர் பெயரை அடைகிறோம். ஆயினும் அடைந்துவிடுகிறோம். இராசராசன் தன் மகளுக்கும் இதே பெயரை இட்டான் என்பது, அப்பெயர் அவ்வீட்டில் பெற்றிருந்த மதிப்புக்குச் சான்று.

இச்சிக்கல் சோழர் காலத்தோடு தோன்றியதன்று. புறநானூற்றின் 112ஆம் பாடலை இயற்றியோர் 'பாரி மகளிர்' என்றே குறிக்கப்படுகின்றனர். அங்கவை, சங்கவை என்பன பிற்கால வழக்கு தந்தவை. காக்கையைப் பாடியமையால் 'காக்கைபாடினியார்' எனப்பட்ட புலவரின் நிலை சற்று மேல். அவரது அடைமொழியை நீக்கினால் 'நச்செள்ளை' எஞ்சுகிறது. நக்கீரன், நப்பூதன் என்பவற்றில் உள்ள, நன்மையை உணர்த்தும் 'ந' என்னும் முன்னொட்டையும் நீக்கினால் 'செள்ளை' கிடைக்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஒரு பெண்ணின் பெயர், இரண்டே எழுத்தசை.

அரசகுலத்துக்கு வெளியே சென்றால் பெயர்கள் பெருகுகின்றன. அதே பெரிய கோயிலின் சுற்றுச்சுவரில், சோழநாட்டின் பல தளிகளிலிருந்து தஞ்சைக்குக் கொணரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்கொன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். சேரமங்கை, உதாரி, பட்டாலி, ஏகவீரி, எடுத்தபாதம் எனத் தொடர்கிறது அப்பட்டியல். பெயர்முன் வரும் 'நக்கன்' சிவனைக் குறிப்பது. அவர்களை அடையாளப்படுத்துபவை தந்தை பெயரோ கணவன் பெயரோ அல்ல. குடியிருந்த வீட்டின் வரிசையும், வந்த தளியும் ஊருமே. அரசாணையால் இடம்பெயர்க்கப்பட்டவர்கள் அவர்கள் என்பதை மறக்கலாகாது. எனினும் 'எடுத்தபாதம்' என்று ஆடவல்லானின் தூக்கிய திருவடியையே ஒருத்திக்குப் பெயராக்கிய மொழியுணர்வு, எந்த மாதேவிப் பட்டத்திலும் இல்லாதது.

போனக்காடு அமைந்த மாவட்டத்திலேயே அண்மைக்காலச் சான்றொன்றும் உண்டு. திருவனந்தபுரத்தில், ஒடுக்கப்பட்ட சாதியொன்றில் ராஜம்மா என்ற பெயரில் பிறந்தவர், மலையாளத்தின் முதல் கதைப்படமான 'விகதகுமாரன்' வழியாக பி. கே. ரோஸி என அறியப்பட்டார். அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல் இயக்கிய அப்படத்தில் அவர் ஏற்றது சரோஜினி என்னும் நாயர் பெண்ணின் வேடம். அதனைப் பொறாத மேல்சாதியார் வன்முறையில் இறங்கவே, அவர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. எஞ்சிய வாழ்நாளைத் தமிழகத்தில், ராஜம்மாள் என்ற பெயரில், நடிகை என அறியப்படாமலேயே கழித்தார். 2019இல் மலையாளத் திரைப்பெண்கள் அமைப்பு தன் திரைப்படக் கழகத்துக்கு அவர் பெயரை இட்டது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் உருவை வரைந்தது. திரும்பி வந்த பெயர் 'ரோஸி'. 'ராஜம்மாள்' என்பதோ, பழைய பெயர் என்று நாம் இன்று ஒதுக்கும் பெயர்களுள் ஒன்று. அதுவும் வரலாற்றுப் பெண்ணின் பெயரே.

எனவே பெயர் தேர்வோர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். இஃது அப்பெண்ணின் பெயரா, அவள் வகித்த இடத்தின் பெயரா? கல்லிலும் ஏட்டிலும் இருப்பதா, புதினத்தில் பிறந்ததா? வரலாறு என்று நாம் கருதுவது அரண்மனையை மட்டுமா? பட்டப்பெயரைச் சூட்டுதல் குற்றமன்று. ஆனால் ஒரு பெண்ணின் நினைவைப் போற்றுவதாக எண்ணி, அவள் கணவனின் குலப்பெயரை மகவுக்கு இட்டுவிடக் கூடாது.

இறுதியாக ஒரு சொற்குறிப்பு. 'பேத்தி' என்பதன் பழைய வடிவம் 'பெயர்த்தி'. 'பேரன்' என்பதன் வடிவம் 'பெயரன்'. பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. உறவுமுறைச் சொல்லுக்குள்ளேயே பெயரிடும் முறையைப் பொதிந்து வைத்த மொழி நம்முடையது. தோட்டத்து மஸ்டர் பதிவேட்டில் நாட்கூலிக்காக மட்டும் எழுதப்பட்ட இசக்கியம்மாளும் பேச்சியம்மாளும் செல்லம்மாளும் எந்தக் கல்வெட்டிலும் இடம்பெறப் போவதில்லை. அவர்களின் பெயர்கள் நிலைப்பதற்கு இருக்கும் ஒரே இடம் பெயர்த்தியரே. வானவன் மாதேவியை ஒரு பட்டியலில் எழுதுவோர், அதே பட்டியலில் தம் பாட்டியின் பெயரையும் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.