நோயாளியின் வாசலும் மன்னிப்பின் எல்லையும்: புதுச்சேரியில் வெளியான துர்னோன் ஆணை (1704) – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

திருத்தந்தையின் தூதராக இந்தியா வந்த மய்யார் தெ துர்னோன் 1704ஆம் ஆண்டு புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, 'மலபார் சடங்குகள்' எனப்படும் நெடிய சர்ச்சையின் திருப்புமுனையாகும். தாலி, திருநீறு, திருமண வழக்கங்கள் ஆகியன பற்றிய அதன் விதிகளே ஆய்வுகளில் மிகுதியாகப் பேசப்பட்டுள்ளன. நோயுற்ற பறையர்களின் இல்லங்களுக்குள் குருக்கள் நேரில் சென்று அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்னும் விதியை இக்கட்டுரை முதன்மைப்படுத்துகிறது. கத்தோலிக்க மரபில் பாவமன்னிப்பும் நலமளித்தலும் ஒரே சடங்கில் இணைகின்றன. அச்சடங்கு வீட்டுக்குள் நுழைவதையும் உடலைத் தொடுவதையும் வேண்டி நிற்பது. ஆகவே தீண்டாமையும் கிறித்தவ மீட்புக் கொள்கையும் நேருக்குநேர் மோதிக்கொண்ட இடம் நோயாளியின் படுக்கையே என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச் சொற்கள்: புதுச்சேரி, துர்னோன், மலபார் சடங்குகள், அவஸ்தைப்பூசுதல், பாவசங்கீர்த்தனம், இயேசு சபை, தீண்டாமை.

முன்னுரை

1703ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் துர்னோன் புதுச்சேரியில் கரையிறங்கினார். சீனத்திற்குச் செல்லும் வழியில் தென்னிந்திய மறைப்பணித் தளங்களையும் ஆராய்ந்து தீர்வு காணும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ எட்டு மாதங்கள் அவர் இந்நகரில் தங்கினார். உள்நாட்டுப் பகுதிகளுக்குச் சென்று கிறித்தவர்களின் வாழ்வை நேரில் காண அவரது உடல்நிலை இடம் தரவில்லை. கருநாடக மறைப்பணித் தளத்தின் தலைவர் ழான் வெனான் புஷே, மதுரைத் தளத்தைச் சேர்ந்த பெர்த்தோல்தி ஆகிய இரு இயேசு சபைக் குருக்களிடம் கேட்டறிந்த செய்திகளே அவருக்குப் பெரிதும் துணைநின்றன. 1704 ஜூன் 23 எனத் தேதியிட்ட ஆணை ஜூலை 8ஆம் நாள் வெளியிடப்பட்டது. அடுத்த சில நாள்களில் தூதர் கப்பலேறினார். தமது நோயின் காரணமாக நகரைவிட்டு நகர இயலாத ஒருவர், நோயாளிகளின் வீட்டிற்குக் குருக்கள் செல்ல வேண்டும் என ஆணையிட்டார் என்பது வரலாற்றில் அமைந்துவிட்ட ஒரு பொருத்தம். இதற்குமேல் அதற்குப் பொருள் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆணை பதினாறு விதிகளைக் கொண்டது. திருமுழுக்கில் உமிழ்நீர் தடவும் சடங்கை விடலாகாது. புனிதர் பெயர்களையே சூட்ட வேண்டும். பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அணியலாகாது. மாதவிலக்கான பெண்களை ஆலயத்திலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கலாகாது. கிறித்தவ இசைக்கலைஞர்கள் பிற சமயக் கோயில் விழாக்களில் வாசிக்கலாகாது என இவ்விதிகள் விரிகின்றன. ஐரோப்பியர் அக்காலத்தில் தமிழர்களை 'மலபார்கள்' என அழைத்தமையால் சர்ச்சைக்கும் அப்பெயரே நிலைத்தது. கேரளத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இச்சர்ச்சை 'பண்பாட்டுத் தழுவல்' என்னும் சட்டகத்திற்குள்தான் பெரும்பாலும் விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. இராபர்ட் தெ நோபிலியின் முறையைக் குறித்த இனெஸ் ஜூபனோவின் நூல் (1999) முதல் பாவ்லோ அரான்ஹாவின் கட்டுரைகள் வரை அச்சட்டகம் கூர்மையான கேள்விகளுக்கு உள்ளாகியிருக்கிறது. எனினும் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் தாலிக்கும் பூணூலுக்கும் கிடைக்கும் கவனம் நோயாளியின் வாசலுக்குக் கிடைப்பதில்லை. எந்த அணிகலனை அணியலாம் என்பது ஒழுங்குமுறைக் கேள்வி. சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மன்னிப்பு எவ்வளவு தொலைவில் நின்று வழங்கப்படலாம் என்பதோ மீட்பு பற்றிய கேள்வி. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது பொருந்தாது.

மன்னிப்பும் நலமும் இணையும் சடங்கு

நலமளித்தலையும் பாவமன்னிப்பையும் பிரிக்காமல் காண்பது விவிலியத்திலேயே தொடங்கும் மரபு. கப்பர்நாகூமில் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட முடக்குவாதமுற்றவருக்கு இயேசு முதலில் வழங்கியது மன்னிப்பு. எழுந்து நடக்கும் ஆற்றல் அதன் பின்னரே வந்தது (மாற்கு 2). நோயுற்றவர் திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி வேண்டட்டும், அவர் பாவம் செய்திருந்தால் மன்னிக்கப்படும் என யாக்கோபின் திருமுகம் (5:14-15) இதனை வழிபாட்டு நெறியாக்கியது. 1215ஆம் ஆண்டின் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவைக் காயத்தில் திராட்சை இரசமும் எண்ணெயும் வார்க்கும் தேர்ந்த மருத்துவருக்கு ஒப்பிட்டது. 1551இல் திரிதெந்து பொதுச்சங்கம் தனது பதினான்காம் அமர்வில் பாவசங்கீர்த்தனத்தையும் அவஸ்தைப்பூசுதலையும் அடுத்தடுத்து வரையறுத்தது. பூசுதல் எஞ்சிய பாவங்களைப் போக்கும், உள்ளத்தைத் தேற்றும், ஆன்மாவின் மீட்புக்கு உகந்ததாயின் உடல்நலத்தையும் தரும் என்பது அதன் போதனை.

இக்கோட்பாடு நடைமுறையில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை 1614ஆம் ஆண்டு வெளியான உரோமைச் சடங்குநூல் காட்டுகிறது. குரு வாசலைக் கடந்ததும் அவ்வீட்டிற்கும் அதில் வாழ்வோர் அனைவருக்கும் அமைதி வேண்டுகிறார். அறையில் வெள்ளைத் துணி விரித்த மேசையும் மெழுகுத்திரியும் இருத்தல் வேண்டும். தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. குரு தமது பெருவிரலை எண்ணெயில் தோய்த்து நோயாளியின் கண், செவி, நாசி, வாய், கை, கால் ஆகியவற்றில் சிலுவை அடையாளமாகப் பூசி, ஒவ்வொரு புலனாலும் இழைத்த பாவத்திற்குத் தனித்தனியே மன்னிப்பு வேண்டுகிறார். நற்கருணையைக் குரு நேரடியாக நோயாளியின் நாவில் வைக்கிறார்.

இச்சடங்கைத் தொலைவில் நின்று நிறைவேற்ற வழியில்லை. பாவசங்கீர்த்தனமாவது பேச்சால் நிகழ்வது; சில முழம் தள்ளி நின்றும் கேட்கலாம் எனத் தோன்றக்கூடும். ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. நேரில் இல்லாத குருவுக்கு எழுத்து வழியாகப் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறலாம் என்னும் கருத்தைத் திருத்தந்தை எட்டாம் கிளமெந்து 1602இல் விலக்கிவிட்டார். பூசுதலிலோ எண்ணெய்க்கும் தோலுக்கும் இடையே குருவின் விரல் தவிர வேறெதுவும் இல்லை. திருமுழுக்கில் உமிழ்நீர் தடவுவதைக் குருக்கள் தவிர்த்ததும், பறையர் வீட்டிற்குள் நுழையாமல் தவிர்த்ததும் ஒரே அச்சத்தின் இரு முகங்கள். ஒன்றில் குருவின் உடல் மற்றவருக்குத் தீட்டாகும் என்னும் அச்சம். மற்றதில் நோயாளியின் உடல் குருவுக்குத் தீட்டாகும் என்னும் அச்சம்.

ஆணையின் விதியும் குருக்களின் வாதமும்

தாழ்ந்தோர் எனக் கருதப்பட்ட நோயாளிகளைக் குருக்கள் வீட்டிற்குள் சென்று காணாமல், கோயிலுக்கோ வேறோர் இடத்திற்கோ தூக்கிவரச் செய்து அருளடையாளங்களை வழங்கும் வழக்கம் இருந்தது. சாகக்கிடக்கும் ஒருவரை அவ்வாறு தூக்கிவருவது உயிருக்கே ஆபத்தாகலாம். துர்னோன் இதனைக் கண்டித்தார். உடலின் நலத்திற்காகப் பிற சமய மருத்துவர்களும் மறுக்காத தொண்டினை ஆன்மாவின் நலத்திற்காக ஆன்ம மருத்துவர்கள் மறுப்பது பொறுக்கத்தக்கதன்று என்பது அவரது வாதத்தின் சாரம். ஆள்வேறுபாடோ பால்வேறுபாடோ பாராமல் குருக்கள் நோயாளிகளின் இல்லங்களுக்குச் சென்று ஆறுதல் கூறவும் அருளடையாளங்களை வழங்கவும் வேண்டும் எனக் கட்டளையிட்டார்.

தூதரின் ஒப்புமை கேள்விச் செய்தியை அடிப்படையாகக் கொண்டது. உள்ளூர் வைத்தியர்கள் பறையர் குடியிருப்புகளில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதை அவர் கண்ணால் கண்டவர் அல்லர். எனவே அதனைச் சமூக வரலாற்றுச் சான்றாகக் கொள்வதைவிட, இலாத்தரன் சங்கத்திலிருந்து வரும் 'குருவே மருத்துவர்' என்னும் உருவகத்தைக் குருக்களுக்கு எதிராகவே திருப்பிய வாதமாகக் கொள்வது தகும்.

இயேசு சபையினரின் தரப்பையும் எளிதில் தள்ளிவிட இயலாது. தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்தது முதல், பறங்கியர் என்னும் இழிவிலிருந்து கிறித்தவத்தைப் பிரித்துக் காட்டுவதே அவர்களின் வழிமுறையாக இருந்தது. பறையர் வீட்டிற்குள் நுழைந்த குரு உயர்சாதியினரிடம் மீண்டும் செல்ல முடியாது. சென்றாலும் அவர்கள் ஏற்கமாட்டார்கள். ஏற்கெனவே கிறித்தவரானோரும் விலகுவர். தளமே அழியும் என்பது அவர்களின் அச்சம். மறவர் நாட்டின் ஓரியூரில் 1693இல் அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரிட்டோ கொல்லப்பட்டு அப்போது பதினோராண்டுகளே ஆகியிருந்தன. துன்புறுத்தலைக் குறித்த அச்சம் கற்பனையன்று. ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணியாற்றவென ஏறத்தாழ 1640 முதல் பண்டாரசாமிகள் என்னும் தனி வகைக் குருக்கள் இருந்தனர் என்பதும் உண்மை. பிரிட்டோவும் அவ்வகையினரே.

ஆனால் இவ்வாதத்தில் ஒரு கணக்கு மறைந்துள்ளது. பலரின் வருங்கால மீட்புக்காக, இன்று இறந்துகொண்டிருக்கும் ஒருவரின் வீட்டு வாசலில் குரு நிற்க வேண்டும் என்பதே அக்கணக்கு. அதன் விலையைக் கொடுத்தவர்கள் எந்நாளும் ஒரே பிரிவினராக இருந்தனர்.

குரு செல்லாத இடத்திற்கு வேதியர்கள் எனப்பட்ட உபதேசியார்கள் சென்றனர். நோயாளிக்கு மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்து, உத்தம மனஸ்தாபத்தைத் தூண்டுவது அவர்களால் இயலும். அருளடையாளத்தைப் பெறும் விருப்பத்தோடு கூடிய உத்தம மனஸ்தாபம் கடவுளோடு ஒப்புரவாக்கும் என்பது திரிதெந்து சங்கத்தின் போதனையே. ஆதலால் அந்நோயாளிகள் மன்னிப்பின்றி இறந்தனர் எனக் கொள்ள இறையியல் இடம் தரவில்லை. ஆனால் வேதியரால் பாவம் தீர்க்கவோ பூசவோ இயலாது. திருச்சபையின் கை நெற்றியில் படாமல் இறப்பவருக்கு அக்கை தம்மைத் தவிர்த்தது என்பது தெரிந்தே இருந்திருக்கும்.

இவ்விடத்தில் இரு நற்செய்திக் காட்சிகள் எதிரெதிராக நிற்கின்றன. முடக்குவாதமுற்றவர் தூக்கிவரப்பட்டார், இயேசு சபையினரின் வழக்கத்திற்கு இக்காட்சி சாதகமானதாகத் தோன்றலாம். நூற்றுவர் தலைவரின் காட்சியிலோ (மத்தேயு 8) இயேசு தாமே வருவதாகச் சொல்கிறார். யூதர் நுழையத் தயங்கும் வீட்டின் தலைவரே தம் தகுதியின்மையைச் சொல்லித் தடுக்கிறார். அத்தலைவரின் சொற்களைத் தழுவிய வேண்டுதலே நோயாளிக்கு நற்கருணை வழங்கும் சடங்கில் இடம்பெறுகிறது. குரு வீட்டுக்குள் வந்து நின்றபின் சொல்லப்படும் வேண்டுதல் அது.

உரோமையின் தீர்வும் புதுச்சேரியின் சுவரும்

1706 ஜனவரியில் உரோமை இந்த ஆணையை, மறு ஏற்பாடு வரும்வரை கடைப்பிடிக்குமாறு உறுதிசெய்தது. புஷேயும் பிரான்சிஸ்கு லைனசும் மறுப்புரைக்க உரோமைக்குச் சென்றனர். லைனசின் விரிவான இலத்தீன் மறுப்புரை 1707இல் அங்கு அச்சாயிற்று. புதுச்சேரியிலோ கப்புச்சின் குருக்களுக்கும் இயேசு சபையினருக்கும் இடையிலான பகை இதனால் மேலும் முற்றியது. துர்னோனுக்கு ஆதரவாக நின்ற இயேசு சபை ஆயர் குளோத் தெ விஸ்தலு, தம் சபையினரிடம் அன்றிக் கப்புச்சின் குருக்களிடமே அடைக்கலம் புகுந்து, 1737இல் இந்நகரில் இறந்தார். பகையின் ஆழத்தை இதிலிருந்தே உணரலாம்.

1734இல் பன்னிரண்டாம் கிளமெந்து சில விதிகளைத் தளர்த்தினார். 1739இல் குருக்கள் அனைவரும் ஆணைக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழி எடுக்கப் பணிக்கப்பட்டனர். 1744 செப்டம்பர் 12ஆம் நாள் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணைமடல் சர்ச்சையை முடித்துவைத்தது. பறையர் நோயாளிகள் பற்றிய விதி கைவிடப்படவில்லை. ஆயினும் பறையர்களுக்கெனத் தனியே சில குருக்களை நியமிப்பதாக இயேசு சபையினர் முன்வைத்த ஏற்பாட்டைத் திருத்தந்தை ஏற்றுக்கொண்டார்.

இம்முடிவைச் சமரசம் எனப் பாராட்டுவோர் உண்டு. துர்னோனின் விதியோடு ஒப்பிட்டால் நிகழ்ந்த மாற்றம் புலப்படும். எக்குருவும் எவர் வீட்டிற்கும் செல்ல வேண்டும் என்றது 1704. சிலர் மட்டும் செல்வர், மற்றவர் செல்ல வேண்டியதில்லை என்று நடைமுறையில் ஆக்கியது 1744. மன்னிப்பும் எண்ணெயும் வாசலைக் கடந்தன. விலக்கமோ நோயாளியின் வாசலிலிருந்து குருக்களின் வரிசைக்குள்ளேயே இடம்பெயர்ந்தது. தொடுவதற்கென ஒதுக்கப்பட்ட குரு, தொடாத குருக்களோடு சமமானவராக நடத்தப்பட்டிருக்க வழியில்லை.

அடுத்த ஆண்டு நிகழ்ந்ததை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்கிறது. சம்பா கோயில் என மக்கள் வழங்கிய புனித பவுல் ஆலயத்தினுள் பறையர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது. 1745 அக்டோபரில் அம்மக்கள் திரண்டு சென்று, தாங்கள் கிறித்தவராக ஏற்றுக்கொள்ளப்பட்டது உண்மையாயின் அனைவரையும் ஒன்றாக நடத்த வேண்டும் எனத் தலைமைக் குருவிடம் முறையிட்டனர். குரு அதன் நியாயத்தை ஏற்றுச் சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறித்தவரிடையே கொந்தளிப்பு எழுந்தது. இவற்றையெல்லாம் எழுதி வைத்த பிள்ளை கிறித்தவர் அல்லர். புதிய ஒழுங்கின்மீது அவருக்குப் பரிவும் இல்லை. அதனாலேயே அப்பதிவு கூடுதல் மதிப்புப் பெறுகிறது.

நாற்பது ஆண்டுகள் தூதரும் குருக்களும் திருத்தந்தையரும் இலத்தீனிலும் பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் வாதிட்ட பொருளில், பாதிக்கப்பட்டோரின் குரல் எழுத்தில் காணக்கிடைக்கும் அரிய இடம் இது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி நகரைத் தகர்த்தபோது அவ்வாலயமும் இடிபட்டது. அதே இடத்தில் எழுப்பப்பட்டு 1791இல் நிறைவுற்ற பேராலயத்தை மக்கள் இன்றும் சம்பா கோயில் என்றே அழைக்கின்றனர்.