கமலாம்பாளின் இல்லறம்

தமிழ் அக மரபு காதலைக் களவு, கற்பு என இரு கூறாக்கிற்று. மணத்திற்கு முன் நிகழ்வது களவு. மணத்தின் பின் தொடர்வது கற்பு. தமிழ்ப் புதினத்தின் தொடக்க காலத்திலேயே கற்பு வாழ்வின் உள்ளுணர்வுகளை ஆழ்ந்து காட்டிய பெருமை, பி. ஆர். ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திர'த்திற்கு உரியது.

1872இல் வத்தலக்குண்டில் பிறந்த ராஜமய்யர், இக்கதையை 'விவேக சிந்தாமணி' இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக எழுதினார். பெண்ணின் சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய 1891ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி, இந்து இல்லறம் குறித்துப் பெரும் வாதங்கள் எழுந்திருந்த காலம் அது. சட்டம் மணமக்களின் வயதை அளந்தது. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இவ்விளைஞரோ மணமானவர் மனத்தை ஆராய்ந்தார்.

கதைத் தலைவர் முத்துசாமி அய்யரும் கமலாம்பாளும் மணப் பருவத்து மகளைப் பெற்ற நடுவயதினர். அவர்தம் காதல் கேலியிலும் செல்லச் சண்டையிலும் வெளிப்படுகிறது. மகன் காணாமற் போகிறான், செல்வம் அழிகிறது, அவற்றினும் கொடிதாய்க் கமலாம்பாள்மீது அபவாதம் எழுகிறது. 'ஆபத்துக்கிடமான அபவாதம்' என்பதே இந்நூலின் மற்றொரு பெயர்.

மருதத் திணையில் பிழைப்பவன் தலைவன், ஊடுபவள் தலைவி. இங்கோ பிழையற்ற தலைவி ஐயுறப்படுகிறாள். அத்தனை ஆண்டு நெருக்கமும் ஊர்ப்பேச்சின் முன் நிற்க இயலாமற் போகிறது. கணவர் துறவை நாடிச் செல்கிறார். அவர்கள் மீண்டும் இணையும்போது, பழைய வேட்கை பக்குவமுற்ற அன்பாகக் கனிந்திருக்கக் காண்கிறோம். 1898இல், தம் இருபத்தாறாம் வயதில் மறைந்த ஒருவர் இதனை உணர்ந்து எழுதியது வியப்பிற்குரியது.

மலாயாவிலும் 1917இல் க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' என்னும் புதினம் எழுந்தது. இன்று பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் வாழும் தமிழர் பலரின் முன்னோர், மனைவியை ஊரில் விட்டுக் கப்பலேறியவர்கள். கடிதத்திற்கும் கடிதத்திற்கும் இடையே ஊர்வாய் கூறியதை நம்புவதா, உடன் வாழ்ந்த நாள்களை நம்புவதா என்னும் வினா அவர்களுக்கும் எழுந்திருக்கும். முத்துசாமி அய்யர் அவ்வினாவில் தோற்றுப் பின் தெளிந்தவர். ஆதலின் அவர் கதை இம்மண்ணின் வாசகருக்கும் அயலாரின் கதையன்று.