பாதை ஓடிய காலத்து வாடகை வீடு

திருமலைப் பட்டினத்தில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும், எவ்வளவு தருவீர்கள் என்பதற்கு முன்னால் "தம்பிக்கு எந்த ஊர்?" என்றுதான் கேட்பார்கள். 1997இல் மூதூரிலிருந்து இடமாற்றம் பெற்று வந்த எனக்கு ஒரு கிழமைக்குள் அக்கேள்வி பழகிப்போயிற்று. ஓர்ஸ்ஹில் பக்கம் ஒருவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, வீடு நேற்றுத்தான் கொடுபட்டுவிட்டது என்றார். இன்னொரு வீட்டம்மா, "மாட்டிறைச்சி சமைக்கிறதென்றால் சரிவராது தம்பி" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த அம்மாவில் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

ஜமாலியாவிலும் கேட்டலைந்து, கடைசியில் சோனகவாடியில் ஓர் அறையும் பத்தியும் கிடைத்தது. மூன்று குடும்பங்களுக்கு ஒரே கிணறு. உடைமைக்காரக் காக்கா ஆறு மாத முற்பணம் கேட்டார். 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாதே என்றேன். "அப்ப சட்டத்திட்டயே வீடு கேளுங்க தம்பி" என்றார். கொடுத்தேன்.

இத்தனை பெரிய துறைமுகத்தின் கரையில் ஏன் இந்த இட நெருக்கடி? வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும். பட்டினம் வெளிக்கடலுக்கும் உட்துறைமுகத்துக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் கிடக்கிறது. கடலுக்குள் நீண்ட மேட்டைக் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் 1624இல் கோட்டையாக்கினர். பின் ஒல்லாந்தர், 1795இல் பிரித்தானியர். துறைமுக வாயிலில் ஒஸ்ரன்பேர்க் கோட்டை, அதன் அயலில் கடற்படையின் டொக்யார்ட், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளும் விமானத்தளமும். நல்ல நிலமெல்லாம் பீரங்கிக்குப் போக, மிஞ்சியதில் மனிதர் குடியிருந்தனர். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோதும் வேலியின் சொந்தக்காரர் மாறினாரேயன்றி வேலி மாறவில்லை.

1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தில் குண்டு பொழிந்தன. அதே ஆண்டில்தான் இலங்கையில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் பிறந்தது. நான் காக்காவிடம் சொன்ன 1972ஆம் ஆண்டுச் சட்டம் அந்த யுத்தகாலச் சட்டத்தின் வழிவந்ததே.

ஆனால் எங்களவர் பட்டினத்தில் வாடகைக்கு இருந்ததற்கு வேறொரு காரணம் உண்டு. அது தண்ணீர். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் நூற்றுக்கு நாற்பது பேரளவில் முஸ்லிம்கள். அவர்களில் பெருந்தொகையினர் கிண்ணியா, மூதூர், தோப்பூர் என்று அக்கரையில். கச்சேரியும் பெரியாஸ்பத்திரியும் இக்கரையில். மூதூருக்கு லாஞ்சு, கிண்ணியாவுக்குப் பாதை. வெளியூர் வாசகர் மயங்க வேண்டாம். எங்கள் பேச்சில் பாதை என்பது ஆட்களையும் லொறிகளையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகும் மிதவை. காற்று மாறினால் லாஞ்சு இல்லை. பொழுதுபட்டால் எதுவுமில்லை. யுத்த காலத்தில் பொழுது இன்னும் முன்னதாகவே பட்டுவிடும். கந்தளாய்ப் பக்கமாகச் சுற்றிவரும் தரைவழியை இரவில் நினைத்தும் பார்க்கமுடியாது.

என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். அவளுடைய ராத்தா ஒருமுறை இரவு முழுவதும் மூதூர் இறங்குதுறையில் வலியோடு கிடந்து, விடிந்த பிறகே அக்கரை கண்டவர். பிள்ளை தங்கவில்லை. ஆகவே நான் வாடகை கொடுத்தது அறைக்கல்ல. கடல் குறுக்கிடாத இரண்டு மாதங்களுக்கு. அந்த வளவில் இருந்த மற்ற இரு குடும்பங்களும் கிண்ணியாவிலிருந்து இதே காரணத்துக்காக வந்தவைதாம். பிள்ளை பெற்றதும் ஒன்று போகும், இன்னொன்று வரும். காக்கா குழந்தைகளின் காதில் பாங்கு சொல்லியே பெயர் எடுத்தவர். முற்பணத்தில் மட்டும் ஒரு சதம் குறைக்கமாட்டார்.

எங்களை ஒதுக்கினார்கள் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமல்ல. சோனகவாடியிலும் ஜமாலியாவிலும் தமிழ்க் குடும்பமொன்று வீடு கேட்டு வந்தபோது நம்மவர் என்ன சொல்லியனுப்பினர் என்பதும் எனக்குத் தெரியும். 2006 ஏப்ரல் 12இல் சந்தையில் குண்டு வெடித்துக் கடைகள் எரிந்த பின், கலந்திருந்த தெருக்களும் தத்தம் பக்கத்துக்கு ஒதுங்கின. அவ்வாண்டு ஓகஸ்டில் மூதூரே பெயர்ந்து கந்தளாய்ப் பாடசாலைகளில் பாய் விரித்தது.

2009 ஒக்டோபரில் சவூதி நிதியத்தின் உதவியோடு கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். அப்பாலுள்ள பாலங்களும் 2011இல் முடிய, மூதூரும் தரைவழியால் பட்டினத்தோடு ஒட்டிக்கொண்டது. என் மருமகன் இன்று மோட்டார் சைக்கிளில் காலையில் போய் மஃரிபுக்கு வீடு திரும்புகிறான். பாதையைப் பற்றிச் சொன்னால் சிரிக்கிறான். காக்கா வஃபாத்தாகிவிட்டார், அந்த அறையில் இப்போது தொலைபேசி திருத்தும் கடை.

அங்கே பிறந்த மகள் சென்ற வருடம் பட்டினத்தில் ஆசிரியை நியமனம் பெற்று, பாடசாலைக்குக் கிட்ட வீடொன்று விசாரித்தாள். தொலைபேசியில் அதே கேள்வி. "இந்த ஊர்தான், பெரியாஸ்பத்திரியில பிறந்தன்" என்றாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பெயர் என்ன பிள்ளை?" என்று கேட்டார்களாம்.