அரோவானா, ஆஸ்கர் வளர்க்கிறீங்களா? தொட்டிக்கு முன்னாடி குழாய்த் தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க!

கொளத்தூரில் வாங்கும்போது விரல் நீளம்தான் இருந்தது உங்க ஆஸ்கர். இப்போ ஓர் அடியை நெருங்கிவிட்டது. தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு. வாராவாரம் தண்ணியும் மாத்துறீங்க. ஆனாலும் மீன் சரியாகச் சாப்பிடுவதில்லை. தலையில் சின்னச் சின்னக் குழிகள் வேற. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்ணுக்கே தெரியாத நைட்ரேட்டைத்தான்.

நைட்ரேட் எங்கிருந்து வருது?

மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அம்மோனியா உருவாகும். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் கொடிய விஷம். நைட்ரேட் அந்தளவுக்கு இல்லை. ஆனால், அது எங்கேயும் போகாது. தொட்டியிலேயே சேர்ந்துகொண்டே இருக்கும்.

இரையைப் பிடித்துத் தின்னும் மீன்களுக்கு இது டபுள் சிக்கல். அவற்றின் சாப்பாடு முழுக்கப் புரதம். புரதத்தில் சுமார் 16% நைட்ரஜன். 500 லிட்டர் தொட்டியில் தினமும் 10 கிராம் பெல்லட் (40% புரதம்) போடுகிறீர்கள் என்று வையுங்கள். அதிலுள்ள நைட்ரஜனில் பாதி நைட்ரேட்டாக மாறினாலே, வாரத்துக்குச் சுமார் 20 பிபிஎம் ஏறிவிடும். பிபிஎம் என்றால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். 20-க்குக் கீழே இருந்தால் சூப்பர், 40 வரை ஓகே என்பது மீன் வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு.

தண்ணி மாத்தியும் ஏன் குறையலை?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நீங்க ஊத்துற புதுத் தண்ணியிலேயே நைட்ரேட் இருந்தால்?

ஒரு சின்னக் கணக்கு போதும். வாரத்துக்கு ஏறும் நைட்ரேட்டை, நீங்கள் மாற்றும் தண்ணீரின் பங்கால் வகுங்கள். அதோடு குழாய்த் தண்ணீரின் நைட்ரேட்டைக் கூட்டுங்கள். நாளாக நாளாக, ஒவ்வொரு முறை தண்ணி மாத்துறதுக்கு முன்னாடியும் உங்க தொட்டி வந்து நிற்கப்போகும் அளவு அதுதான். வாரம் 20 பிபிஎம் ஏறும் தொட்டிக்கு:

- வாரம் கால்வாசி மாற்றி, குழாய்த் தண்ணீர் 0 என்றால்: 80
- வாரம் பாதி மாற்றி, குழாய்த் தண்ணீர் 0 என்றால்: 40
- வாரம் பாதி மாற்றி, குழாய்த் தண்ணீரே 30 என்றால்: 70

முதுகு ஒடிய பக்கெட் தூக்கினாலும், குழாய்த் தண்ணீரில் இருப்பதற்குக் கீழே தொட்டி இறங்கவே இறங்காது.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கை, நிலத்தடி நீரில் நைட்ரேட் பிரச்னை அதிகமுள்ள மாநிலங்களாக ராஜஸ்தான், கர்நாடகாவோடு தமிழ்நாட்டையும் சொல்கிறது. வயல் உரமும் கழிவுநீரும்தான் முக்கியக் காரணங்கள். காஞ்சிபுரத்திலேயே ஒரு தெருவின் போர் தண்ணியும், பாலாற்றிலிருந்து வரும் குழாய்த் தண்ணியும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. பட்டுக்குச் சாயம் போடுறவங்க தண்ணி பார்த்துத்தான் வேலையை ஆரம்பிப்பாங்க. மீன் வளர்க்கிறவங்களுக்கும் அதே பாடம்தான்.

எப்படி டெஸ்ட் பண்றது?

சொட்டு மருந்து மாதிரி வரும் லிக்விட் டெஸ்ட் கிட் வாங்குங்கள். சில கிட்களில் இரண்டாவது பாட்டிலை நன்றாகக் குலுக்காவிட்டால் அளவு குறைவாகக் காட்டும். போர், மாநகராட்சிக் குழாய், தொட்டி என மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். லேபில் கொடுத்தால், ரிப்போர்ட்டில் ‘நைட்ரேட்’ என்று இருக்கிறதா, ‘நைட்ரேட் நைட்ரஜன்’ என்று இருக்கிறதா எனக் கவனியுங்கள். இரண்டாவது என்றால் 4.4-ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் அளவு கிடைக்கும்.

குறைக்க என்ன வழி?

தீனி: வளர்ந்த மீனுக்குத் தினமும் மூக்குமுட்ட வேண்டாம். வாரத்தில் ஓரிரு நாள் பட்டினி போட்டால் ஒன்றும் ஆகாது. மிச்சம் கிடப்பதை உடனே எடுத்துவிடுங்கள்.

மழைத்தண்ணி: தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. வடகிழக்குப் பருவமழையில் முதல் மழையை விட்டுவிட்டு, மொட்டைமாடித் தண்ணியைப் பிடித்து போர் தண்ணியோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். ஆர்.ஓ. தண்ணியும் அப்படியே. தனியாக ஊற்றாதீர்கள்; அதில் மீனுக்குத் தேவையான தாது உப்புகள் இருக்காது.

மணி பிளான்ட்: வேர் மட்டும் தண்ணியில் இருக்கும்படி ஓவர்ஹெட் ஃபில்டரில் வையுங்கள். நைட்ரேட்டை உறிஞ்சும். ஆனால், பெரிய மீன் தொட்டிக்கு இது உதவிதான், மாற்று இல்லை. ஃபில்டரில் போடும் கரியும் நைட்ரேட்டை எடுக்காது.

நிதானம்: அனந்தசரஸ் குளத்தை அத்திவரதருக்காக 40 வருஷத்துக்கு ஒருமுறை இறைப்பாங்க, உங்க தொட்டிக்கு அது ஆகாது. மாசக்கணக்கில் விட்டுவிட்டீர்களா? ஒரே நாளில் முக்கால்வாசி மாற்றாதீர்கள். திடீர் மாற்றமே மீனைக் கொன்றுவிடும். ஓரிரு நாள் இடைவெளியில் 20% வீதம் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி-குளோரின் மறக்க வேண்டாம். எடுத்த தண்ணியை வாழைக்கோ தென்னைக்கோ ஊத்துங்க. நைட்ரேட் அதுக்கு உரம்.

சமாளிக்க முடியவில்லை என்றால், மீனைக் கடையிலோ வேறொருவரிடமோ கொடுங்கள். கோயில் குளத்திலோ ஏரியிலோ விடவே கூடாது. 2023-ல் காஷ்மீரின் தால் ஏரியில் வட அமெரிக்காவின் அலிகேட்டர் கார் மீன் சிக்கியது ஞாபகம் இருக்கிறதா?

கடைசியா, மீனை விட முக்கியமான விஷயம்

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் 45 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாயலாம். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் அடர்த்தியாகும். மீன் தொட்டிக்காக வாங்கிய கிட் உங்க குழாய்த் தண்ணியில் 45-ஐத் தாண்டிக் காட்டுதா? அந்தத் தண்ணியில் குழந்தைக்குப் பால் பவுடர் கலக்குறதை இன்னைக்கே நிறுத்துங்க. அடுத்து, ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்து உறுதி செய்யுங்கள்.