எசமானரற்ற உழைப்பும் நோய்க்கால வருமானமும்

சீவல் தொழிலாளருக்கும், சொந்த வள்ளத்தில் கடலுக்குச் செல்லும் மீனவருக்கும், குத்தகைக் காணியிற் பயிரிடும் கமக்காரருக்கும் ஒரு நாள் நோய் என்பது ஒரு நாள் வருமான இழப்பாகும். இவ்விழப்பை இலங்கைச் சட்டம் எவ்வாறு நோக்கியது என்பதை நாம் இங்கு ஆராய்வோம்.

1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழிலில் ஏற்படும் காயத்துக்கு ஈடு வழங்கும் கடப்பாட்டைத் தொழில்கொள்வோர் மீது சுமத்தியது. கூலிக்கு உழைத்தோருக்கு அது முன்னேற்றமே. ஆயின், பனையிலிருந்து வீழ்ந்தவர் தமக்குத் தாமே எசமானராயின் யாரிடம் ஈடு கோருவார்? 1958இல் உருவான ஊழியர் சேமலாப நிதியும் தொழில்கொள்வோர் - ஊழியர் என்னும் உறவின் மீதே கட்டப்பட்டது.

இவ்வுறவுக்கு வெளியே நின்றோரைச் சட்டம் பிந்தியே கண்டுகொண்டது. 1987இல் கமக்காரருக்கும் 1990இல் மீனவருக்கும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாயின. 1996ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சபைச் சட்டம் ஏனைய சுயதொழிலாளரையும் உள்வாங்க முற்பட்டது. எனினும் இவற்றின் மையம் முதுமைக்கால ஓய்வூதியமே. நிரந்தர இயலாமைக்கும் மரணத்துக்கும் நன்மைகள் சேர்க்கப்பட்டன. கால் முறிந்து மூன்று மாதம் படுத்திருந்து மீண்டும் தொழிலுக்குத் திரும்புபவரின் இடைக்கால வருமானம் கவனிக்கப்படவில்லை. அரசாங்க வைத்தியசாலை காயத்தை இலவசமாக ஆற்றியது. குடும்பச் செலவைக் கடனும் நகை அடைவுமே தாங்கின.

‘சுயதொழில்’ என்னும் பெயரும் ஓர் உண்மையை மறைக்கின்றது. இவர்களது உழைப்பின் பயனில் வியாபாரியும் வட்டிக்காரரும் பங்கு பெறுகின்றனர். ஆபத்து மாத்திரம் உழைப்பவருக்கே உரியதாகின்றது. ஆகவே, எசமானர் உளரா என்பதையன்றி, உழைப்பு நின்றதா என்பதையே பாதுகாப்பின் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும் என்பது இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபாகும்.