குரங்கணிப் பாதையின் பழைய கணக்கு

வார இறுதியில் நண்பர்கள் கூடி மலையேறுவதும், மேலே கூடாரம் அடித்து ஓரிரவு தங்கி வருவதும் தமிழ்நாட்டு நகரங்களில் அண்மைக் காலத்தில் பெருகிய பழக்கம். பழக்கம் புதிது என்பதால் அவர்கள் மிதிக்கும் பாதையும் புதிது என்று எண்ணிவிடுகிறோம். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு மேலே, குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் வழி அந்த எண்ணத்தைத் திருத்தும். இன்று ட்ரெக்கிங் பாதை என்று பெயர் பெற்றிருக்கும் இவ்வழி, சரக்கும் கூலியாட்களும் போய்வந்த தொழிற்பாதை. மலையேற்றத்தை அனுமதிப்பதா, தடுப்பதா என்றே நாம் வாதாடிக்கொண்டிருக்கிறோம். பாதையை அறிந்தவர் யார், அவர் பேச்சு எங்கே எடுபடுகிறது என்பதே அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி என்று இந்த மலையின் வரலாறு சொல்கிறது.

இந்தச் சரிவுகளில் முதலில் வழி கண்டவர்கள் முதுவர் பழங்குடியினர். மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. பின்னாளில் வார்டு, கானர் என்ற இரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளை 1816 முதல் 1820 வரை அளந்தார்கள். பிறகு 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து, மூணாறைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்குப் பெற்றார். 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது. தேயிலை மலைக்கு மேலே விளைந்தது. அதைப் பறிக்கும் கைகள் கீழேயிருந்து, பெரும்பாலும் தமிழ் மாவட்டங்களிலிருந்து, கங்காணிகளின் பின்னே நடந்து ஏறின. விளைந்த தேயிலை இறங்கவும் அதே கிழக்குச் சரிவுதான் வழி. மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அது இரண்டடி அகலச் சிறு ரயிலாக மாறியது. ரயில் நின்ற மலைமுகட்டில் தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் ஏற்றிக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். அங்கிருந்து மாட்டு வண்டிகள் போடிக்கு இழுத்துச் சென்றன. கம்பிவடம் தொடங்கிய இடம்தான் இன்று மலையேறிகள் படமெடுத்துக்கொள்ளும் டாப் ஸ்டேஷன். சரிவின் நடுவே இருந்த சென்ட்ரல் ஸ்டேஷன் இன்றும் ஒரு சிற்றூர்.

1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் அந்தச் சிறு ரயிலை அடித்துக்கொண்டு போனது. அது மீண்டும் ஓடவில்லை. 1930-களில் நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை வந்ததும் மூணாறின் போக்குவரத்து மேற்கே கொச்சிப் பக்கம் திரும்பியது. கிழக்கே போடிமெட்டுச் சாலை ஆட்களையும் ஏலக்காயையும் ஏற்றிக்கொண்டது. இப்படித்தான் குரங்கணிப் பாதை பெருவணிகத்தின் கண்ணிலிருந்து மறைந்தது. ஆனால் கைவிடப்பட்டது என்று சொல்வது தவறு. சென்ட்ரல் ஸ்டேஷன், முட்டம், முதுவாக்குடி போன்ற ஊர்களுக்கு அரிசியும் பருப்பும் குதிரை முதுகிலும் தலைச்சுமையிலும் ஏறின. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு எந்திரங்கள்கூடக் குதிரையில் ஏறிய மலை இது. எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும், எந்தப் புல்மேடு எப்போது காயும், காற்று எந்த நேரத்தில் திசை மாறும் என்ற அறிவு சுமை தூக்கியவர்களிடமே தங்கியது. எந்த வரைபடமும் அதை முழுதாக வாங்கிக்கொண்டதில்லை.

பிழைப்புக்காக நடப்பதையும் இன்பத்துக்காக நடப்பதையும் ஒன்றாகப் பேசலாமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, நோக்கம் வேறுதான். பக்திக்காகச் சதுரகிரியும் வெள்ளியங்கிரியும் ஏறுவது நம் மக்களின் நெடுநாள் வழக்கம். வெறும் களிப்புக்காகக் குழுவாய் நடந்து காட்டில் தங்குவதைப் பெரிதும் வளர்த்தவர்கள் ஐரோப்பியரும் அமெரிக்கப் பாதிரிமார்களுமே என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர்கள் தனியே நடக்கவில்லை. 1845-இல் கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் வீடு கட்டினார்கள். அதற்குப் பின் முதல் உலகப் போர்க் காலத்தில் மலைச்சாலை திறக்கும் வரை, அந்த மலைக்குப் போன குடும்பங்களையும் சாமான்களையும் அடிவாரத்திலிருந்து கூலிப் பாதையில் தோள்மேல் ஏற்றியவர்கள் உள்ளூர் டோலிக்காரர்கள். வழியும் வேகமும் தங்குமிடமும் அவர்களை நம்பியே இருந்தன. களிநடையும் உழைப்பு நடையும் ஒரே பாதையில், ஒரே ஆட்களின் அறிவைக் கொண்டே நடந்தன. அந்தத் தோள் தேவையில்லை என்று நினைத்தது நம் காலம்தான்.

அதன் விலை 2018 மார்ச் 11 அன்று தெரிந்தது. அருகிலுள்ள கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது; 23 பேர் இறந்தார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் இந்தச் சரிவுகளில் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும். சரிவில் நெருப்பு மேல்நோக்கி விரையும். சுடர் தனக்கு மேலுள்ள புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுவதே காரணம். ஏறி ஓடுபவரை அது முந்திவிடும். அன்று காயமுற்றவர்களைத் தேடி முதலில் மேலே ஓடியவர்கள் உள்ளூர் மக்கள். போர்வையில் கட்டிச் சுமந்து இறக்கியவர்களும் அவர்களே. அந்த மலையில் எவரை முன்னே நடக்கவிட்டிருக்க வேண்டுமோ, அவர்களே கடைசியில் சுமக்க வந்தார்கள். இதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அப்படியானால் காட்டை அடைத்துவிடுவதே நல்லது என்பாருண்டு. புல் காயும் மாதங்களில் அடைக்கத்தான் வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் முழுத் தடை, மலையூர்களின் வழிநடை வருமானத்தையும் அதோடு வளரும் அறிவையும் சேர்த்தே அழிக்கும். தடையை மீறி அனுமதியின்றி ஏறுபவர் எப்போதும் இருப்பார்; அவரோடு வழிகாட்டி இருக்கமாட்டார். தமிழ்நாடு அரசு 2018-இல் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. குரங்கணியும் அந்தப் பட்டியலில் உண்டு. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் கருதிப் பாதைகளை மூடியது. இது சரியான திசை; போதுமானது என்று சொல்ல மனம் வரவில்லை. வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்துவது ஒன்று, இன்று ஏற வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தை அவர் கையில் கொடுப்பது வேறொன்று. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளித்திருக்கிறது. பாதையைத் திறப்பதும் மூடுவதும், வரும் பணத்தைப் பங்கிடுவதும் அந்தச் சபையின் வாக்கையும் கேட்டு நடக்க வேண்டும். மலையேறக் கிளம்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஏறாதீர்கள். பாதி வழியில் அவர் திரும்பச் சொன்னால், மறுபேச்சின்றித் திரும்பிவிடுங்கள்.