இசைத்தட்டு சுழன்ற கொழும்பு

சென்னையில் கேட்க முடியாத சினிமாப் பாட்டைக் கொழும்பிலிருந்து கேட்ட காலம் ஒன்று உண்டு. 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கருக்குத் திரையிசை மீது மதிப்பில்லை. ஆகாசவாணியில் திரைப்பாடல்களின் நேரம் சுருங்கி, சில மாதங்களில் அவை ஏறக்குறைய மறைந்தே போயின. ஆனால் 1950இலேயே வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதன் கையில் பெரிய வசதியும் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரை ஒட்டித் தென்கிழக்காசியாவில் இருந்த படைவீரர்களுக்காக ஆங்கிலேயர் ஏக்கலவில் நிறுவிய, நூறு கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி அது. போருக்காக நட்ட கம்பம் ராமநாதபுரத்துக்கும் திருநெல்வேலிக்கும் பாட்டைக் கொண்டுவந்தது.

அந்தப் பாட்டை ஒலிபரப்பியவர்களின் கைத்தொழில் பற்றி நாம் போதுமான அளவு பேசியதில்லை என்பது என் ஆதங்கம். நிலையத்தில் இரண்டு சுழல்மேடைகள் இருக்கும். ஒன்றில் பாட்டு ஓடும்போதே மற்றொன்றில் அடுத்த தட்டை வைத்து, முள்ளை இறக்கி, முதல் ஸ்வரம் எங்கே எழுகிறது என்று காதால் பிடிக்க வேண்டும். பிடித்ததும் தட்டை விரலால் சற்றுப் பின்னோக்கித் திருப்பி நிறுத்திவைக்க வேண்டும். அறிவிப்பாளரின் கடைசிச் சொல் முடியவும் இசை எழவும் ஒரு மூச்சு இடைவெளிகூட விழக் கூடாது. இப்படி முன்னும் பின்னும் உருட்டுவதால் தட்டின் தொடக்கப் பள்ளம் தேய்ந்துவிடும். நேயர்கள் அதிகம் விரும்பிக் கேட்ட பாட்டுக்குத்தான் முதல் நொடியில் அதிகம் இரைச்சல் இருக்கும்!

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பத்தங்குல அரக்குத் தட்டில் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். நீளமான பாட்டு இரு பக்கமாகப் பிரிந்திருக்கும். ஒரே தட்டுக்கு இரண்டு பிரதிகள் இருந்தால் முதல் பிரதியின் ஒரு பக்கம் முடிகிற இடத்தில் இரண்டாவது பிரதியின் மறுபக்கத்தை எடுத்துக் கொடுக்கலாம். ஒரு பிரதிதான் என்றால், தட்டைப் புரட்டி முடிக்கும்வரை அறிவிப்பாளர் பேசியாக வேண்டும். 33 சுற்று வினைல் தட்டுகள் வந்த பிறகுதான் ஒரு பக்கத்திலேயே பல பாட்டுகள் அடங்கின. அப்போது வேலை குறைந்ததா? எட்டிப்பார்த்து, நாலாவது பாட்டுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே மின்னும் மெல்லிய கோட்டில் முள்ளைச் சரியாக இறக்க வேண்டிய புதுக் கஷ்டம் சேர்ந்தது.

இந்த நெருக்கடியில்தான் இலங்கைத் தமிழ் அறிவிப்பின் அழகே உருவானது என்று உறுதியாக நம்புகிறேன். ‘பொங்கும் பூம்புனல்’ போன்ற நிகழ்ச்சிகளில் பாட்டின் பெயரோடு படம், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் எல்லாம் சொல்லப்பட்டன. தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாளில் இருந்ததையெல்லாம் அவர்கள் மரியாதையோடு உச்சரித்தார்கள். திரைக்குப் பின்னால் இருந்தவர்களின் பெயர்களைத் தமிழகத்துக் கிராமங்களுக்கு அறிமுகம் செய்ததில் அந்தக் குரல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பி.எச்.அப்துல் ஹமீதும் கே.எஸ்.ராஜாவும் ராஜேஸ்வரி சண்முகமும் இக்கரையில் வீட்டு மனிதர்களானார்கள்.

ஆகாசவாணி 1957இல் விவித் பாரதியைத் தொடங்கியது. கொழும்புக்குப் போன காதுகளைத் திரும்பக் கூப்பிடுவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அப்படியும் தெற்குச் சீமையில் பலர் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பவில்லை.

வர்த்தக சேவையின் முதல் தமிழ் அறிவிப்பாளர் எஸ்.பி.மயில்வாகனத்தைப் பற்றி அடுத்த வாரம்.